சொல்லாமல் வந்த பல்

"இடது பக்கம் மெல்ல மாட்டேன்மா, கூசுது" என்று மகள் சொன்னபோது அவளுக்கு ஏழரை வயது. தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து ரொட்டியும் பீன்ஸ் கறியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வாயைத் திறக்கச் சொல்லி போன் டார்ச்சை அடித்துப் பார்த்தேன். கீழ்வரிசையில் எல்லாவற்றுக்கும் கடைசியாக ஓர் அகலமான பல். அதன் நடுப்பள்ளத்தில் ஊசிமுனை அளவுக்குக் கறுப்பாக ஒரு புள்ளி. அத்தையும் எட்டிப் பார்த்தார். "உடும்மா, பால்பல்லுதானே. உழுந்துட்டு வேற மொளைக்கும்" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். இரண்டு மாதம் விட்டுவிட்டேன்.

அந்த இரண்டு மாதம் மனதை அறுப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

பல் மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "இந்தப் பல் எப்ப வந்தது?" எனக்குத் தெரியவில்லை. மகளுக்கு முதல் பால்பல் முளைத்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. ஏழாம் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. எவர்சில்வர் கரண்டியில் தண்ணீர் புகட்டும்போது 'ணிங்' என்று சத்தம் கேட்டது. உடனே படம் பிடித்துத் திருநெல்வேலிக்கு அனுப்பினேன். முதல் பல் ஆடிய நாள், விழுந்த நாள், எல்லாம் தெரியும். இந்தப் பல் வந்த நாள் மட்டும் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அதை வாயில் வைத்திருந்தவளுக்கே தெரியாது.

"இது பால்பல் இல்ல. இது போனா வேற வராது" என்றார் மருத்துவர்.

பால்பல் மேலே பத்து, கீழே பத்து. குழந்தைக்கு மூன்று வயது ஆவதற்குள் இருபதும் வந்துவிடும். அதற்குப் பிறகு நம் மனதில் ஒரே கணக்குதான்: ஒன்று விழும், அந்த இடத்தில் ஒன்று முளைக்கும். மகளுக்குக் கெட்டுப்போன அந்தப் பல், ஒரே முறை முளைத்து ஆயுளுக்கும் நிலைக்க வேண்டிய முதல் நிலைக் கடைவாய்ப்பல், இந்தக் கணக்குக்குள் வராது. அது எந்தப் பல்லையும் விழவைத்துவிட்டு வருவதில்லை. குழந்தையின் தாடை பின்பக்கமாக நீண்டுகொண்டே போகிறது. கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால் அப்படிப் புதிதாகக் கிடைத்த இடத்தில், மேலே இரண்டு, கீழே இரண்டு என்று ஆறு வயதை ஒட்டி நான்கும் வந்து உட்காருகின்றன. ஆட்டம் இல்லை, இரத்தம் இல்லை, பொக்கை இல்லை. பார்க்கிறவர்களுக்குப் பால்பல் வரிசை கொஞ்சம் நீண்ட மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

அதே மாதங்களில்தான் வாயின் முன்பக்கத்தில் பெரிய ஆரவாரம் நடக்கும். எங்கள் வீட்டிலும் நடந்தது. கீழ்வரிசை முன்பல் விழாமலே அதற்குப் பின்னால், நாக்குப் பக்கம், இன்னொரு பல் ரம்பம் மாதிரி விளிம்போடு எட்டிப் பார்த்தது. இரட்டை வரிசை! நான் பதறிப்போனேன். உண்மையில் அதில் பதற ஒன்றுமில்லை. கீழ் வெட்டுப்பற்கள் பால்பல்லின் நாக்குப் பக்கத்தில்தான் உருவாகின்றன. முன்னால் இருப்பது ஆடி விழுந்ததும் நாக்கு தள்ளித் தள்ளிப் புதுப்பல்லை முன்னுக்குக் கொண்டுவந்துவிடும். மூன்று வாரத்தில் விழுந்தது. விழும்வரை தினமும் டார்ச் அடித்துப் பார்த்தேன். அந்த டார்ச் வெளிச்சத்தை இரண்டு அங்குலம் உள்ளே தள்ளியிருந்தால் போதும்.

விழுந்த பல்லை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு மகள் கேட்டாள், "வேர் எங்கம்மா?" அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளைத் துண்டு. அடிப்பக்கம் குழிந்து, எறும்பு அரித்த சர்க்கரைக் கட்டி மாதிரி ஓரமெல்லாம் சொரசொரப்பு. உடைந்து உள்ளே தங்கிவிட்டதோ என்று நான்கூடப் பயந்தேன். வேர் உடையவில்லை, கரைந்துவிட்டது. புதுப்பல் அடியிலிருந்து எழும்ப எழும்ப, பால்பல்லின் வேரை அரிக்கும் செல்கள் அங்கே கூடிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடுகின்றன. கடைசியில் தலை மட்டும் ஈறில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால்தான் நூல் கட்டி இழுக்காமலே, ஆப்பிள் கடிக்கும்போது கையோடு வந்துவிடுகிறது.

அந்தப் பல்லை என்ன செய்வது என்பதில் வீட்டில் மூன்று கட்சி. எங்கள் ஊரில் சாண உருண்டைக்குள் வைத்துக் கூரைமேல் எறிவோம், அணில் எடுத்துக்கொண்டு தன் பல்லைத் தரும் என்பாள் என் பாட்டி. அத்தை சிறுவயதில் மேகசின் பாரக்ஸில் இருந்தவர். டர்பன் நகராட்சியில் வேலை பார்த்த தமிழ்க் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்த லைன் வீடுகள் அவை. அங்கே தகரக் கூரையில் பல் விழும் சத்தம் கேட்டால்தான் நல்ல பல் முளைக்கும் என்பார்களாம். மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கிடைத்த கதை வேறு. தென்னாப்பிரிக்கப் பிள்ளைகள் பல்லைச் செருப்புக்குள் வைத்துவிட்டுத் தூங்குவார்கள். இரவில் பல் எலி வந்து அதை எடுத்துக்கொண்டு காசு வைத்துவிட்டுப் போகும். அன்றிரவு செருப்புதான் ஜெயித்தது. ஐந்து ரேண்ட்.

அணிலும் சரி, எலியும் சரி, இரண்டும் கொறிக்கும் சாதி. அவற்றின் முன்பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். பல்லின் மேல்பூச்சான எனாமலைச் செய்யும் செல்கள் அடியில் புதிது புதிதாக ஊறிக்கொண்டே இருப்பதால், கொறிக்கக் கொறிக்கத் தேய்கிறது, தேயத் தேய வளர்கிறது. எனாமல் முன்முகத்தில் மட்டும் இருக்கிறது. பின்பக்கம் சீக்கிரம் தேய்ந்துபோவதால் உளி மாதிரி எப்போதும் கூராகவே நிற்கிறது. எலியிடம் பல் கேட்ட அந்த முதல் ஆள் யாரோ, கேட்க வேண்டிய இடத்தில்தான் கேட்டிருக்கிறார். மனிதப் பல்லுக்கு அந்த வரம் கிடையாது.

ஏன் கிடையாது என்பதைப் புரிந்துகொள்ள, பல் எப்படி உருவாகிறது என்று பார்க்க வேண்டும். கருவுக்கு ஆறு வாரம் ஆகும்போது வாயின் உட்தோல் குதிரை லாட வடிவத்தில் ஒரு பட்டையாகத் தடிக்கிறது. அதிலிருந்து கீழ்நோக்கி மொட்டு விடுகிறது. மொட்டு அகன்று தொப்பியாகிறது, தொப்பி குழிந்து மணியாகிறது. மொட்டு, தொப்பி, மணி என்றுதான் பாடப்புத்தகத்திலும் பெயர். மணியின் உட்சுவரில் இரண்டு கூட்டம் செல்கள் எதிரெதிரே நிற்கின்றன. ஒரு கூட்டம், எனாமலுக்கு அடியில் பல்லின் பெரும்பகுதியாக இருக்கும் டென்டைனைச் செய்துகொண்டே உள்நோக்கிப் பின்வாங்கும். இன்னொரு கூட்டம் எனாமலைச் செய்துகொண்டே வெளிநோக்கிப் பின்வாங்கும். இரண்டும் முதலில் முகத்துக்கு முகம் நின்ற கோடுதான் டென்டைனும் எனாமலும் சேரும் எல்லை. பல் அந்த இரண்டு விலகலுக்கும் நடுவில் தடிக்கிறது.

உள்ளே போன கூட்டம் சாவதில்லை. பல்லின் நடுவில் நரம்பும் இரத்தக் குழாயும் உள்ள பற்கூழின் ஓரத்தில் வரிசையாக நின்று, ஆயுள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக டென்டைன் பூசிக்கொண்டே இருக்கும். வெளியே வந்த கூட்டத்துக்கு வேலை முடிந்தால் ஆயுளும் முடிந்தது. பல் ஈறைத் தாண்டி வெளியே வரும்போதே அவை உதிர்ந்துபோகின்றன. உடம்பிலேயே கடினமான பொருள் எனாமல். எடையில் 96 சதவீதம் தாது. அதைச் செய்த ஒரு செல்கூட வாயில் மிச்சமில்லை. தோல் கீறினால் மூடும், எலும்பு முறிந்தால் கூடும், எனாமலில் ஓட்டை விழுந்தால் விழுந்ததுதான்.

இனி எனக்குத் தொண்டை அடைத்த விஷயத்தைச் சொல்கிறேன். அந்தக் கடைவாய்ப்பல்லில் தாது படியத் தொடங்குவது எப்போது தெரியுமா? குழந்தை பிறக்கும் சமயத்தில். எனாமல் ஒவ்வொரு நாளும் சில மைக்ரான் தடிக்கிறது, ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நுண்வரி விழுகிறது. எட்டு, ஒன்பது நாளுக்கு ஒருமுறை கொஞ்சம் அழுத்தமான கோடு. மரத்துக்கு ஆண்டு வளையம் போல, பல்லுக்கு நாள் வளையம். பிறந்த அன்று குழந்தையின் உடம்புக்கு ஏற்படும் அதிர்ச்சி, அந்த நேரத்தில் வளர்ந்துகொண்டிருக்கும் எனாமலில் தனியாக ஒரு கோடாகப் பதிகிறது. பால்பற்களில் அந்தக் கோடு உண்டு. நிலைப்பற்களில் பெரும்பாலும் இந்த முதல் கடைவாய்ப்பல்லில்தான் இருக்கும். என் மகள் பிறந்தது ஏப்ரல் மாதம், டர்பனில் விடாமல் மழை பெய்த ஒரு நாள். அன்று தொடங்கிய பல் அது. தலைப்பாகம் கட்டி முடிக்க மூன்று வயது ஆனது. அதன்பிறகு மூன்று வருடம் ஈறுக்கடியில் காத்திருந்தது. நான் கெடுத்தது ஒரே வருடத்தில்.

பல் எக்ஸ்ரேயில் எல்லாம் தெரிந்தது. முழுத்தாடையையும் ஒரே படமாக எடுத்திருந்தார்கள். மேலே பால்பல் வரிசை, அதற்கு அடியில் எலும்புக்குள் நிலைப்பல் வரிசை. வேரில்லாத தலைகள் மட்டும், மண்ணுக்குள் புதைத்த கிழங்கு மாதிரி, ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஆழத்தில். கண்ணுக்குக் கீழே, மூக்குக்குப் பக்கத்தில்கூடக் கோரைப்பல் படுத்திருந்தது. ஒரு சின்ன முகத்துக்குள் இத்தனை பல்லா என்று மகள் வாயைப் பிளந்தாள். மருத்துவர் பேனா முனையால் அந்தக் கடைவாய்ப்பல்லைத் தொட்டுக் காட்டினார். தலையில் நிழல் போலக் கறுப்பு, கீழே இரண்டு வேர். வேர் நுனி இரண்டும் புனல் வாய் போலத் திறந்திருந்தன. பல் வெளியே வந்தாலும் வேர் வளர்ந்து முடிய ஒன்பது, பத்து வயது ஆகுமாம். உள்ளே பற்கூழ் உயிரோடு இருந்தால்தான் வேர் வளரும். அதனால் சொத்தையையும் பற்கூழின் மேல்பாகத்தையும் மட்டும் எடுத்துவிட்டு, வேருக்குள் இருப்பதை உயிரோடு விட்டு மருந்து வைத்து மூடி, மேலே எஃகுத் தொப்பி போட்டார். மற்ற மூன்று கடைவாய்ப்பற்களின் பள்ளங்களிலும் பிசின் பூசி அடைத்தார். அந்தப் பள்ளங்கள் பிரஷ் நார்கூட நுழையாத இடுக்குகள். பிஸ்கட் மாவு உள்ளே போய் உட்கார்ந்தால் எடுக்க முடியாது. பல் பாதி எழும்பி நிற்கும் மாதங்களில் ஆபத்து இன்னும் அதிகம். அது பக்கத்துப் பல்லைவிடத் தாழ்வாக இருக்கும், எதிர்ப்பல் இடிக்காது, பிரஷ் மேலாக வழுக்கிக்கொண்டு போய்விடும். புதிதாக வந்த எனாமலும் இன்னும் முழுதாக இறுகியிருக்காது. இதை யாராவது ஆறு வயதில் ஒரு வரி சொல்லியிருந்தால்! பள்ளிக்கூடத்துக்கு வந்து பல் பார்த்தவர்கள்கூட முன்பல்லைப் பார்த்துவிட்டு 'நல்லா இருக்கு' என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள்.

பல் எப்படி மேலே வருகிறது என்பதையும் நான் தப்பாகத்தான் நினைத்திருந்தேன். விதை மண்ணைப் பிளப்பது போல, வேர் வளர்ந்து கீழிருந்து உந்த, பல் ஈறைக் கிழித்துக்கொண்டு வருகிறது என்று. டொனால்ட் கேஹில், சாண்டி மார்க்ஸ் என்ற ஆய்வாளர்கள் இருவர் 1980களில் நாய்க்குட்டிகளின் தாடையில் ஒரு சோதனை செய்தார்கள். முளைக்க வேண்டிய பல்லைச் சுற்றி ஒரு மெல்லிய பை இருக்கும். அந்தப் பையை எடுத்துவிட்டால் பல் எழும்பவே இல்லை. பையை விட்டுவிட்டு உள்ளே இருந்த பல்லை எடுத்து, அதே வடிவில் உலோகத்தில் செய்ததை வைத்தார்கள். அந்த உலோகம் மேலே வந்தது! வழி அமைப்பது அந்தப் பைதான். தலைக்கு மேலே இருக்கும் எலும்பைக் கரைக்கச் செல்களைக் கூப்பிடுவதும் அதுதான். இன்னொன்று: மனிதப் பிள்ளைகளின் முன்கடைவாய்ப் பற்களை நுணுக்கமாக அளந்து பார்த்ததில், அவை எழும்பியதெல்லாம் இரவு எட்டு மணிக்கு மேல், நள்ளிரவை ஒட்டித்தான். பகலில் ஏறக்குறைய அசைவே இல்லை. பிள்ளை தூங்கும்போது வளர்கிறது என்று நம் கிழவிகள் சொன்னது பல்லுக்கும் பொருந்துகிறது.

அந்த வருட டிசம்பர் விடுமுறையில் ஜொஹானஸ்பர்க் போயிருந்தோம். அங்கே ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள், தாவுங் குழந்தை என்று பெயர்பெற்ற, மனிதருக்கு முந்தைய இனத்துக் குழந்தையின் மண்டையோட்டு வார்ப்பு ஒன்று இருந்தது. ஆரஞ்சுப்பழ அளவுக்குக் கொஞ்சம் மேலே. நான் நேராக வாயைத்தான் பார்த்தேன். பால்பல் வரிசை அப்படியே இருந்தது. அதன் கடைசியில், இரண்டு பக்கமும், அப்போதுதான் எழும்பிய முதல் நிலைக் கடைவாய்ப்பல்.

1924இல் தாவுங் என்ற ஊருக்குப் பக்கத்தில் சுண்ணாம்புக்கல் வெட்டும்போது கிடைத்தது அது. விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் உடற்கூறியல் பேராசிரியராக இருந்த ரேமண்ட் டார்ட்டிடம் வந்து சேர்ந்தது. பாறையிலிருந்து முகத்தைப் பிரித்தெடுத்து, 1925 பிப்ரவரியில் அதற்கு ஆஸ்திரலோபிதிகஸ் ஆப்பிரிகானஸ் என்று பெயர் வைத்துக் கட்டுரை வெளியிட்டார். குழந்தைக்கு என்ன வயது? டார்ட் பார்த்ததும் இந்தப் பல்லைத்தான். நம் குழந்தைகளுக்கு இது ஆறு வயதில் வருகிறது, ஆகவே இதற்கும் ஆறு வயது இருக்கும் என்றார். அறுபது வருடம் அந்தக் கணக்கே நின்றது. 1985இல் டிமோதி பிராமேஜும் கிறிஸ்டோபர் டீனும் இப்படிப்பட்ட பழைய பற்களின் எனாமல் கோடுகளை எண்ணிப் பார்த்தார்கள். மூன்று வயதுக்கு மேல் கொஞ்சம்தான் என்று வந்தது. சிம்பன்சிக்கும் இந்தப் பல் அந்த வயதில்தான் வருகிறது. மனிதக் குழந்தைக்கு மட்டும் ஆறு வருடம். நம் பிள்ளைப்பருவம் அவ்வளவு நீளம், அந்த நீளத்தை அளக்கும் கோல் இந்தப் பல்.

அந்தக் குழந்தையைப் பெரிய கழுகு ஒன்று கொன்றிருக்க வேண்டும் என்று தொல்மனித ஆய்வாளர்கள் லீ பெர்கரும் ரான் கிளார்க்கும் 1995இல் சொன்னார்கள். கண்குழிக்குள் நகம் பட்ட தடயம் இருப்பதாகப் பிறகு பெர்கர் எழுதினார். இருபது லட்சம் ஆண்டுக்கும் மேல் பழைய துக்கம்தான். ஆனாலும் மூன்று வயதுப் பிள்ளை. புதுப்பல்லால் இன்னும் சரியாக எதையும் மென்றிருக்காது. கண்ணாடி முன்னால் நான் நின்றுகொண்டே இருந்ததால், மகள் கையைப் பிடித்து இழுத்தாள்.

பல்லைப் பார்த்து வயது சொல்வது நமக்குப் புதிதில்லை. என் தாத்தா மேலப்பாளையம் சந்தையில் மாட்டின் கீழுதட்டை விரலால் இறக்கி, "ரெண்டு பல்லு", "நாலு பல்லு" என்று ஒரே நொடியில் சொல்லுவார். மாட்டுக்கு மேல்வரிசையில் முன்பல் கிடையாது; கீழே பால்பல் போய் ஜோடி ஜோடியாக நிலைப்பல் வருவதுதான் கணக்கு. இங்கிலாந்தில் ஆலைச் சட்டம் வந்த காலத்தில், ஒன்பது வயது ஆகாத பிள்ளையை வேலைக்கு எடுக்கக் கூடாது என்றார்கள். பிறப்புச் சான்று இல்லாத காலம். உயரத்தை நம்பாதீர்கள், பல்லைப் பாருங்கள் என்று எட்வின் சாண்டர்ஸ் என்ற பல் மருத்துவர், ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் வாயைப் பார்த்துவிட்டு 1837இல் எழுதினார்.

அத்தையின் பூட்டி, கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்த பெற்றோரோடு மதராஸிலிருந்து கப்பலேறி, டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு வந்தவர். 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பல் டர்பனில் கரை சேர்ந்ததிலிருந்து வந்த ஒவ்வொரு கப்பலுக்கும் பெயர்ப்பட்டியல் உண்டு: பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், உடம்பு அடையாளம். பூட்டியின் பக்கத்து நகல் அத்தையின் அலமாரியில் இருக்கிறது. 'வயது 8' என்று எழுதியிருக்கிறது. "யாரு கண்டா, எழுதறவன் பாத்து எழுதனதுதான்" என்பார் அத்தை. நான் சொன்னேன், "எட்டு வயசுன்னா முன்பல் நாலும் புதுசா இருந்திருக்கும் அத்தை, கடைவாய்ல நாலு பெரிய பல்லும் வந்திருக்கும்." அவர் கொஞ்ச நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "கெழவி சாகறவரைக்கும் கடைவாய்ல கரும்பு கடிப்பா" என்றார்.

மகளுக்கு இப்போது ஒன்பது வயது. போன மாதம் எடுத்த படத்தில் வேர் நுனி சுருங்கி, ஏறக்குறைய மூடிவிட்டது. எஃகுத் தொப்பி சிரிக்கும்போது மட்டும் மின்னும்.

சின்னவனுக்கு ஆறு ஆக இரண்டு மாதம் இருக்கிறது. ராத்திரிப் பல் தேய்த்து முடித்ததும் அவனை மடியில் சாய்த்து, கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால் பார்க்கிறேன். இந்த ஒரு வாரமாகக் கீழே வலதுபுறம் ஈறு கொஞ்சம் வெளுத்துத் தடித்த மாதிரி இருந்தது. டார்ச்சில் வேறெதுவும் தெரியவில்லை. நேற்று அத்தை, "தள்ளு, நா பாக்குறேன்" என்று கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தார். கைக்குழந்தைகளுக்கு ஈறு தடவிப் பழகிய விரல் அது. சுண்டுவிரலை உள்ளே விட்டு, கண்ணை மூடிக்கொண்டு மெதுவாகத் தடவினார். அவன் "ஆயா, கடிச்சிருவேன்" என்று குழறினான்.

"இரு" என்றார். விரல் ஓரிடத்தில் நின்றது. "இங்க ஒண்ணு தட்டுப்படுது. முள்ளு மாதிரி. நாள எழுதி வைம்மா."